அறைகூவற் கணக்குகளும் வினாவின் வகையும்

1. முன்னுரை

வினா எத்துணை வகைப்படும் என்னும் ஆராய்ச்சி தமிழிலக்கணம் பயின்றார்க்குப் புதியதன்று. நன்னூலார் வினாவை அறுவகையாகப் பகுத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அவை வழங்கும். விடையைத் தான் அறிந்திருந்தும் மாணாக்கன் அறிவானோ என ஆராய்தற்பொருட்டு ஆசிரியன் வினவுவது அறிவினா. தான் அறியாததை அறிதற்பொருட்டு மாணாக்கன் வினவுவது அறியாவினா. இப்பாகுபாட்டை மொழியின் எல்லைக்குள் மட்டும் நிறுத்திவிடாமல், ஓர் அறிவுத்துறையின் வரலாற்றை அளக்கும் கோலாகவும் கொள்ளலாம் என்பதே நம் கருத்து.

அவ்வாறு அளத்தற்கு மிக ஏற்ற துறை கணிதம். ஒருவர் கடுமையான கணக்கொன்றை அமைத்து, இதனைத் தீர்க்க வல்லார் உளரோ எனப் பிறரை அறைகூவி அழைக்கும் வழக்கம் அத்துறையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. இன்று எண்ணியல், இயற்கணிதம், வடிவகணிதம், சேர்வியல் என்னும் நான்கு பிரிவிலும் பள்ளி மாணவர்க்கு நடத்தப்பெறும் பன்னாட்டுப் போட்டிகள் அவ்வழக்கத்தின் அண்மைக் கிளைகளாகும். இவ்வறைகூவல்கள் வெறும் அறிவு விளையாட்டே என்பார் ஒரு சாரார். கணிதம் வளர்ந்ததே இவற்றால்தான் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் முழுமையுடையன அல்ல என்பதையும், அறிவினாவாகப் பிறந்த கணக்கு அறியாவினாவை ஈன்றபோதே துறை வளர்ந்தது என்பதையும் சில சான்றுகளைக் கொண்டு நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பிரமகுப்தர் தந்த ஓராண்டுத் தவணை

கி.பி. 598இல் பிறந்த பிரமகுப்தர் 628ஆம் ஆண்டில் பிராமஸ்புட சித்தாந்தம் என்னும் வானநூலை இயற்றினார். அந்நூலின் பதினெட்டாம் இயலில் ஒரு வகைக் கணக்கு ஆராயப்படுகிறது. ஒரு முழுவெண்ணின் வர்க்கத்தைக் குறித்ததொரு பெருக்கெண்ணாற் பெருக்கி, அதனோடு ஒன்றைக் கூட்டினால், மற்றொரு முழுவெண்ணின் வர்க்கம் கிடைத்தல் வேண்டும். அவ்விரு எண்களும் யாவை என்பதே வினா. வடநூலார் இதனை வர்க்கப்பிரகிருதி என்பர். முதலெண்ணைச் சிறுமூலம் என்றும், இரண்டாவதைப் பெருமூலம் என்றும், கூட்டப்படும் எண்ணைச் சேர்ப்பெண் என்றும் நாம் ஈண்டு வழங்குவோம்.

பெருக்கெண் 92 ஆகும்போது வரும் கணக்கை ஓராண்டிற்குள் தீர்க்க வல்லவனே கணக்கன் எனத் தகுவான் என்னும் கருத்துப்பட அவர் உரைத்தார். நாமறிந்த அறைகூவல்களுள் இது தொன்மையானது. தவணையோ மிக நீண்டது. இன்றைய போட்டிகளில் நாலரை மணி நேரத்தில் மூன்று கணக்குகளைத் தீர்க்குமாறு மாணவர் பணிக்கப்படுகின்றனர். ஓராண்டுத் தவணை என்பது விரைவைச் சோதிப்பதன்று. நெறியைக் கண்டடையும் ஆற்றலைச் சோதிப்பது.

அந்நெறியைப் பிரமகுப்தரே விளக்கினார். ஒரே பெருக்கெண்ணிற்கு இரு தொகுதிகள் கிடைத்துவிட்டால், அவற்றை இணைத்து மூன்றாவதொன்றை ஆக்கலாம் என்று அவர் கண்டார். ஒன்றன் சிறுமூலத்தை மற்றதன் பெருமூலத்தாற் குறுக்காகப் பெருக்கிக் கூட்டினால் புதிய சிறுமூலம் கிடைக்கும். பெருமூலங்களின் பெருக்கத்தோடு, சிறுமூலங்களின் பெருக்கத்தைப் பெருக்கெண்ணாற் பெருக்கிக் கூட்டினால் புதிய பெருமூலம் கிடைக்கும். சேர்ப்பெண்கள் இரண்டின் பெருக்கமே புதிய சேர்ப்பெண். இதற்குப் பாவனை என்று பெயர்.

92இன் கணக்கில் இதனைச் செய்து காண்போம். ஒன்றின் வர்க்கத்தை 92ஆற் பெருக்கி 8 கூட்டினால் 100 ஆகும். அது பத்தின் வர்க்கம். எனவே சிறுமூலம் 1, பெருமூலம் 10, சேர்ப்பெண் 8. இத்தொகுதியைத் தன்னோடு தானே இணைக்கச் சிறுமூலம் 20, பெருமூலம் 192, சேர்ப்பெண் 64 என வரும். மூலங்களை எட்டால் வகுத்தால் சேர்ப்பெண் 64ஆல் வகுபட்டு ஒன்றாகும். ஆனால் சிறுமூலம் இரண்டரை, பெருமூலம் 24 எனப் பின்னம் தோன்றிவிடும். மீண்டும் ஒருமுறை தன்னோடு இணைப்பின் சிறுமூலம் 120, பெருமூலம் 1151, சேர்ப்பெண் 1 எனப் பின்னம் நீங்கிய விடை கிடைக்கும். 120இன் வர்க்கம் 14,400. அதனை 92ஆற் பெருக்க 13,24,800. ஒன்று கூட்ட 13,24,801. இது 1151இன் வர்க்கமே.

இவண் நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. 92இன் விடையைப் பிரமகுப்தர் அறிந்திருந்தார். ஆதலின் அவர் வினவியது அறிவினாவே. ஆயினும் எப்பெருக்கெண்ணிற்கும் இவ்வழி பயன்படுமோ என்னும் வினாவிற்கு அவரிடத்தும் முழுவிடை இல்லை. சேர்ப்பெண் 1, 2, 4 என்பவற்றுள் ஒன்றாகக் கூட்டலாகவோ கழித்தலாகவோ அமைந்துவிட்டால் அவர் நெறி செல்லும். அவ்வாறு அமையும் தொகுதியை எங்ஙனம் தேடுவது? இதுவே பின்வந்தார்க்கு அவர் விட்டுச்சென்ற அறியாவினா.

3. அறுபத்தொன்று

அவ்வினாவிற்கு விடையாக எழுந்ததே சக்கரவாளம் என்னும் நெறி. 1114இல் பிறந்த இரண்டாம் பாஸ்கரர் 1150ஆம் ஆண்டளவில் இயற்றிய பீசகணிதத்தில் இது விளக்கப்பட்டுள்ளது. நெடுங்காலம் இந்நெறி அவருடையதே என எண்ணப்பட்டது. ஆனால் 1073இல் உதயதிவாகரர் எழுதிய சுந்தரி என்னும் உரையில் சயதேவர் என்பார் இயற்றிய செய்யுட்கள் எடுத்தாளப்பட்டிருத்தலையும், அவற்றில் இந்நெறி இடம்பெற்றிருத்தலையும் 1954இல் கிருபாசங்கர் சுக்லா வெளிப்படுத்தினார். ஒரு கண்டுபிடிப்பின் காலத்தை ஓர் உரைநூல் பின்னுக்குத் தள்ளிய இச்செய்தி, உரைகளிற் பொதிந்த மேற்கோள்களின் அருமையை உணர்ந்த தமிழாராய்ச்சியாளர்க்கு வியப்பளிப்பதன்று.

பாஸ்கரர் எடுத்துக்காட்டாகத் தந்த பெருக்கெண்களுள் ஒன்று 61. இதன் அருமையை அடுத்துள்ள எண்களோடு ஒப்பிட்டே உணர இயலும். பெருக்கெண் 60 ஆயின் சிறுமூலம் 4, பெருமூலம் 31. பெருக்கெண் 62 ஆயின் சிறுமூலம் 8, பெருமூலம் 63. இடைப்பட்ட 61இற்கோ சிறுமூலம் 22,61,53,980, பெருமூலம் 176,63,19,049. இவற்றினும் சிறிய விடை வேறில்லை. ஒவ்வோர் எண்ணாக இட்டுப் பார்ப்பவன் வாழ்நாளெல்லாம் முயன்றாலும் இவ்விடையை எய்தான்.

பாஸ்கரர் இதனைச் சில படிகளில் அடைந்தார். ஒன்றின் வர்க்கத்தை 61ஆற் பெருக்கி 3 கூட்ட, எட்டின் வர்க்கமாகிய 64 வரும். சிறுமூலம் 1, பெருமூலம் 8, சேர்ப்பெண் 3. இனி, துணையெண் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அதனைச் சிறுமூலத்தாற் பெருக்கிப் பெருமூலத்தைக் கூட்டினால் வரும் தொகை 3ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அதன் வர்க்கம் 61இற்கு அணித்தாகவும் இருக்க வேண்டும். 7 அத்தகையது. அதனால் புதிய சிறுமூலம் 5, பெருமூலம் 39, சேர்ப்பெண் கழித்தல் 4 என்று வரும். 25ஐ 61ஆற் பெருக்க 1525. நான்கைக் கழிக்க 1521. அது 39இன் வர்க்கம். சேர்ப்பெண் நான்காகிவிட்டமையின் எஞ்சிய பணியைப் பிரமகுப்தரின் பாவனையே முடித்துவிடுகிறது. இடையில் சிறுமூலம் 3805, பெருமூலம் 29,718, சேர்ப்பெண் கழித்தல் 1 என வந்து, அதனைத் தன்னோடு இணைக்க முன்னர்க் கூறிய விடை கிடைக்கிறது.

துணையெண்ணைத் தெரிந்தெடுக்கும் அவ்விடத்தில் ஆரியபடர் 499இல் கூறிய குட்டகம் என்னும் முறை பயன்படுகிறது. ஆகவே ஒரு கணக்கின் விடையில் ஆரியபடர், பிரமகுப்தர், சயதேவர் ஆகிய முந்நிலையினர் உழைப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருத்தலைக் காண்கிறோம்.

4. ஃபெர்மாவின் ஓலை

ஐரோப்பாவில் அறைகூவல் முதலில் மறைபொருளைக் காக்கும் கருவியாக விளங்கியது. 1535இல் இத்தாலியில் ஃபியோர் என்பாரும் தார்த்தாலியா என்பாரும் ஒருவர்க்கொருவர் முப்பது கணக்குகள் விடுத்தனர். முப்படிச் சமன்பாட்டின் ஒரு வகையைத் தீர்க்கும் வழி தம் ஆசிரியர் வாயிலாக ஃபியோர்க்குத் தெரிந்திருந்தது. அவர் விடுத்த கணக்குகள் அனைத்தும் அவ்வொரு வகையினவே. தார்த்தாலியா போட்டிக்கு முன் அவ்வழியைத் தாமே கண்டு, முப்பதையும் விரைவில் தீர்த்து வென்றார். எனினும் கண்டதனை அவரும் வெளியிடவில்லை. 1539இல் மறைவாகக் காக்கும் உறுதிமொழி பெற்றே கார்தானோவிற்கு உரைத்தார். கார்தானோ 1545இல் அதனை அச்சிட்டார். வெற்றிக்குரிய படைக்கலமாக இருந்தவரை அவ்வழியால் பிறர்க்குப் பயனில்லை. அச்சேறிய பின்னரே இயற்கணிதம் அதன்மேல் எழுந்தது.

1657இல் பிரான்சு நாட்டு ஃபெர்மா விடுத்த அறைகூவல் வேறு தன்மையது. அவ்வாண்டுத் தொடக்கத்தில், எந்த முப்படியெண்ணின் வகுஎண்கள் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு வர்க்கம் வரும் என வினவினார். ஏழின் முப்படியாகிய 343 அதற்கு எடுத்துக்காட்டு: 1, 7, 49, 343 ஆகியவற்றின் தொகை 400, அது இருபதின் வர்க்கம். அடுத்துப் பிப்ரவரித் திங்களில் அவர் விடுத்த இரண்டாம் வினா, பிரமகுப்தர் ஆராய்ந்த அதே வர்க்கக் கணக்கு. ஃபிரெனிக்கிள் என்னும் நண்பர்க்கு எழுதுகையில், மிகுந்த தொல்லை தராத எடுத்துக்காட்டுகள் என்று சொல்லி அவர் குறித்த எண்கள் 61உம் 109உம் ஆம். 109இற்குரிய பெருமூலம் பதினைந்து இலக்கங்கள் உடையது! விடையறிந்தவனே இவ்வாறு நகையாட இயலும் என்பது வெளிப்படை. இதுவும் அறிவினாவே.

ஆங்கில நாட்டில் பிரௌங்கரும் வாலிஸும் இதனை எதிர்கொண்டனர். முதலில் அவர்கள் தந்த விடை பின்னங்களால் ஆயது. பின்னம் கொள்ளலாம் எனின் இக்கணக்கு எளிதே. முன்னர்க் கண்ட 1, 8, 3 என்னும் தொகுதியைத் தன்னோடு இணைத்தால் 16, 125, 9 வரும். மூலங்களை மூன்றால் வகுக்கச் சேர்ப்பெண் ஒன்றாகிவிடும். 16இல் மூன்றிலொரு பங்கும், 125இல் மூன்றிலொரு பங்கும் விடையாகும். ஃபெர்மா இதனை ஏற்கவில்லை. முழுவெண்களின் இயல்பை ஆராய்வதே எண்ணியல் என்பது அவர் கொள்கை. அதன்பின் பிரௌங்கர் முழுவெண் விடைக்குரிய பொதுநெறியைக் கண்டார். ஃபிரெனிக்கிள் விடுத்த 313 என்னும் பெருக்கெண்ணிற்கு ஓரிரு மணி நேரத்தில் விடை கண்டதாகவும் தெரிவித்தார். இக்கடிதங்கள் 1658இல் வாலிஸால் நூலாக வெளியிடப்பட்டன.

பின்னர் ஆய்லர் இக்கணக்கைப் பெல் என்பார்க்கு உரியதாகத் தவறாகக் குறித்தமையால், அதில் பெரும்பங்கில்லாத அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. வர்க்கமல்லாத எப்பெருக்கெண்ணிற்கும் விடை உண்டு என்பதை 1760களின் பிற்பகுதியில் நிறுவியவர் லக்ராஞ்ச்.

5. இரு வழிகளுக்கும் தொடர்பு உண்டோ?

பாஸ்கரரும் ஃபெர்மாவும் ஒரே 61ஐ எடுத்தாண்டமை கண்டு, இந்திய நெறி ஃபெர்மாவை எட்டியிருத்தல் வேண்டும் எனக் கூறுவாருளர். நாட்டுப் பற்று இக்கூற்றிற்கு இனிமை சேர்க்கலாம். ஆனால் சான்று சேர்க்காது. பீசகணிதம் 1634இல் பாரசீகத்தில் மொழிபெயர்க்கப்பட்டது உண்மையே. எனினும் அம்மொழிபெயர்ப்போ அதன் செய்தியோ ஃபெர்மாவை அடைந்தமைக்கு ஒரு கடிதமும் கிடைத்திலது. ஐரோப்பிய அறிஞர் பாஸ்கரரை நன்கறிந்தது 1817இல் கோல்புரூக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த பின்னரேயாம்.

ஒற்றுமைக்கு வேறு காரணம் உண்டு. நூற்றுக்குட்பட்ட பெருக்கெண்களுள் மிகப்பெரிய விடையை உடையது 61தான். எளிய தோற்றமும் அரிய விடையும் உடைய கணக்கைத் தேடுகின்ற எவனும், எந்நாட்டினனாயினும், அவ்வெண்ணையே சென்றடைவான். மலையின் உச்சியில் இருவர் சந்தித்தனர் எனின், ஒருவர் மற்றவர் அடிச்சுவட்டைப் பின்பற்றினார் என்பது பெறப்படாது. உச்சி ஒன்றே என்பதே பெறப்படும்.

இதனால் இந்தியக் கணிதரின் பெருமை குறைந்துவிடாது. லக்ராஞ்சிற்கு முன் எண்ணியலில் எய்தப்பட்டவற்றுள் சக்கரவாளமே மிகச் சிறந்தது என 1874இல் செருமானிய அறிஞர் ஹாங்கெல் மதிப்பிட்டார். ஆயினும் சக்கரவாளம் எப்பெருக்கெண்ணிற்கும் தவறாது முடிவெய்தும் என்பதற்கான நிறுவல் பாஸ்கரரின் நூலில் இல்லை. நெறியை முதலிற் கண்டவர் இந்தியர். அத்தகைய நெறி என்றும் தவறாது என்று நிறுவும் வேட்கை லக்ராஞ்சிடத்து நிறைவேறியது. இரண்டனையும் வேறுபடுத்தி உரைப்பதே வரலாற்றாசிரியர் கடன்.

6. அங்கேரியில் மாணவர் போட்டி

அறிஞர்க்கிடையே நிகழ்ந்த அறைகூவல் பள்ளி மாணவரிடம் இறங்கிய ஆண்டு 1894. அவ்வாண்டில் இயற்பியலறிஞர் ஓட்வோசு அங்கேரியின் கல்வியமைச்சரானார்; அவர் பெயரால் கணிதப் போட்டி தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் டேனியல் அரனி என்னும் ஆசிரியர் பள்ளி மாணவர்க்குரிய கணிதத் திங்களிதழைத் தொடங்கினார். போட்டியில் மூன்றே கணக்குகள் தரப்பட்டன. நூல்களைப் பார்த்து எழுதவும் தடையில்லை. மனப்பாடம் பயன்படாத வினாக்களாதலின் தடைக்குத் தேவையும் இல்லை. 1898இல் பரிசு பெற்ற வான் கார்மான் பின்னாளில் வானூர்தி இயலில் புகழ்பெற்றார். 1912இல் வென்ற செகோ சிறந்த கணித அறிஞரானார்.

1894இன் முதல் வினா இது: இரு முழுவெண்களுள் முதலாவதன் இருமடங்கோடு இரண்டாவதன் மும்மடங்கைக் கூட்டிய தொகை 17ஆல் வகுபடுமாயின், முதலாவதன் ஒன்பது மடங்கோடு இரண்டாவதன் ஐந்து மடங்கைக் கூட்டிய தொகையும் வகுபடும் என்றும், அதன் மறுதலையும் உண்மையென்றும் நிறுவுக. முதற்றொகையை நான்காற் பெருக்கி இரண்டாவதோடு கூட்டினால், இரு எண்களின் பதினேழு மடங்குகளே எஞ்சும். ஆதலின் ஒன்று வகுபடின் மற்றதும் வகுபட்டே தீரும். விடை இரண்டு வரி. காணும் கண்ணே அரிது. வடிவகணிதத்திற்கு 1899ஆம் ஆண்டு வினா ஒன்று சான்றாகும். ஓரலகு ஆரமுள்ள வட்டத்தை ஐந்து சமபகுதிகளாகப் பிரிக்கும் புள்ளிகளுள் ஒன்றிலிருந்து அடுத்த புள்ளிக்கும் அதற்கடுத்த புள்ளிக்கும் வரைந்த நாண்களின் பெருக்கத்தை வர்க்கமாக்கினால் 5 வரும் என நிறுவுமாறு அது பணித்தது.

சேர்வியலுக்கு 1947ஆம் ஆண்டு வினாவை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர் கூடிய எக்குழுவிலும் ஒருவரையொருவர் அறிந்த மூவரேனும், ஒருவரையொருவர் அறியாத மூவரேனும் இருந்தே தீர்வர் என நிறுவுதல் வேண்டும். அறுவருள் ஒருவரைத் தனியே நிறுத்துக. எஞ்சிய ஐவருள் மூவரையேனும் அவர் அறிந்திருப்பார். அன்றேல் மூவரையேனும் அறியாதிருப்பார். மூவரை அறிந்திருப்பதாகக் கொள்வோம். அம்மூவருள் இருவர் தமக்குள் அறிமுகமானவர் எனின், அவ்விருவரும் தனிநின்றவரும் சேர்ந்து அறிந்த மூவராவர். அங்ஙனம் எவரும் இல்லை எனின், அம்மூவருமே அறியாத மூவராவர். மூவரை அறியாத நிலைக்கும் இதுவே வழி.

இனி மூவர் என்பதை நால்வராக மாற்றி வினவுவோம். குழுவில் பதினெண்மர் வேண்டும் என்பது 1955இல் கிரீன்வுட், கிளீசன் என்னும் இருவரால் நிறுவப்பட்டது. ஐவராக மாற்றினால்? 43இற்குக் குறையாது, 46இற்கு மேற்படாது என்ற அளவிற்கே இன்றளவும் அறிய முடிந்துள்ளது. பள்ளி மாணவன் அரைமணியில் விடுவிக்கும் கணக்கில் ஒரே ஓர் எண்ணை மாற்ற, உலகத்து அறிஞர் அனைவரும் மாணாக்கராய் நிற்கும் நிலை வந்துவிடுகிறது. அறிவினாவிற்கும் அறியாவினாவிற்கும் இடைப்பட்ட தொலைவு இத்துணையே.

7. இராமானுசனின் வினாக்கள்

1907இல் வி. இராமசாமி ஐயர் நிறுவிய இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வினாக்களுக்கெனத் தனிப்பகுதி இருந்தது. இராமானுசன் அதற்கு ஐம்பதிற்கு மேற்பட்ட வினாக்களை விடுத்தார். 1911இல் வெளிவந்த 289ஆம் வினா பலரும் அறிந்தது. ஒன்றோடு இருமடங்கு வர்க்கமூலம், அதனுள் ஒன்றோடு மும்மடங்கு வர்க்கமூலம், அதனுள் ஒன்றோடு நான்மடங்கு வர்க்கமூலம் என முடிவின்றி அடுக்கிச் செல்லும் கோவையின் மதிப்பு யாது என்பதே அது. மூன்று இதழ்கள் வெளிவந்தும் எவரும் விடை விடுக்காமையால் அவரே விடை தந்தார்; அது 3. மூன்று என்பது 9இன் வர்க்கமூலம். 9 என்பது ஒன்றோடு 2×4. நான்கு என்பது 16இன் வர்க்கமூலம். 16 என்பது ஒன்றோடு 3×5. இவ்வாறே அடுக்கு விரியும். ஆயினும் முடிவிலா அடுக்கு உண்மையிலேயே ஒரு மதிப்பை நெருங்குமோ என்பது தனி ஆய்விற்குரியது. இத்தகைய அடுக்குகள் எப்போது ஒருங்கும் என்பதற்குரிய விதியை வகுத்தவர் தமிழ்நாட்டுக் கணிதரான தி. விசயராகவன். ஈண்டும் அறிவினா ஒன்று வேறோர் ஆய்வாளரைத் தோற்றுவித்தது.

1913இல் வெளிவந்த 464ஆம் வினா இன்னும் ஆழமானது. இரண்டின் அடுக்கு ஒன்றிலிருந்து 7 கழித்தால் வர்க்கம் வருவது அடுக்கெண் 3, 4, 5, 7, 15 ஆகும்போது என்று கூறி, பிறவும் உளவோ என இராமானுசன் வினவினார். வர்க்கமூலங்கள் முறையே 1, 3, 5, 11, 181. இவ்வைந்தும் அன்றி வேறில்லை என்பதை 1948இல் நார்வே நாட்டு நாகெல் நிறுவினார். இடையில் கழிந்தவை முப்பத்தைந்து ஆண்டுகள். சென்னையிலிருந்து எழுந்த வினாவிற்குக் கடல் கடந்த வடபுலத்திலிருந்து விடை வந்தபோது வினவியவர் உயிருடன் இல்லை. அறியாவினாவிற்குத் தவணை விதிக்க எவராலும் இயலாது.

1914 திசம்பரில் இலண்டன் இதழொன்றில் வந்த புதிரொன்றையும் ஈண்டு நினைவுகூரலாம். ஒரு தெருவில் ஒன்று முதல் வரிசையாக எண்ணிட்ட வீடுகள் உள்ளன. ஒரு வீட்டிற்கு இப்புறமுள்ள எண்களின் தொகையும் அப்புறமுள்ள எண்களின் தொகையும் ஒன்றே. வீடுகள் ஐம்பதிற்கு மேல், ஐந்நூறுக்குள். அவ்வீட்டின் எண் யாது? மகலனோபிசு இதனைப் படித்துக் காட்டியவுடன், இராமானுசன் ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளுமாறு கூறினார். புதிரின் விடை 288 வீடுகளுள் 204ஆம் வீடு. தொடர்பின்னமோ இத்தகைய விடைகள் அனைத்தையும் ஒருங்கே தருவது. 204இன் வர்க்கத்தை 8ஆற் பெருக்கி ஒன்று கூட்டினால் 577இன் வர்க்கம் வரும். பிரமகுப்தரின் கணக்கே தெருவீட்டு உருக்கொண்டு வந்தமை காண்க.

8. பன்னாட்டுப் போட்டி

1959இல் உருமேனியாவில் ஏழு நாட்டு மாணவர் கூடிப் பன்னாட்டுக் கணிதப் போட்டியைத் தொடங்கினர். இந்தியா 1989இல் முதன்முறை கலந்துகொண்டது. 1996இல் மும்பையில் போட்டியை நடத்தியது. 1959இன் முதல் வினா: எந்த இயல் எண்ணை எடுத்துக்கொள்ளினும், அதன் 21 மடங்கோடு 4 கூட்டிய தொகையை, அதன் 14 மடங்கோடு 3 கூட்டிய தொகையால் வகுக்கும் பின்னத்தை மேலும் சுருக்க இயலாது என நிறுவுக. இரண்டாம் தொகையை மூன்றாற் பெருக்கி, முதற்றொகையின் இருமடங்கைக் கழித்தால் எஞ்சுவது ஒன்றே. ஆதலின் ஒன்றன்றிப் பொதுவகுஎண் அவற்றிற்கு இல்லை. இது குட்டகத்தின் அடிப்படையாகிய மாறிமாறி வகுத்தலேயன்றி வேறில்லை.

1988இல் ஆசுத்திரேலியாவில் தரப்பட்ட ஆறாம் வினா பெயர்பெற்றது. இரு மிகை முழுவெண்களின் வர்க்கத்தொகை, அவற்றின் பெருக்கத்தோடு ஒன்று கூட்டிய எண்ணால் மீதியின்றி வகுபடுமாயின், ஈவு ஒரு வர்க்கமாகவே இருக்கும் என நிறுவுதல் வேண்டும். 8, 2 என்பவற்றிற்கு 68ஐ 17ஆல் வகுக்க ஈவு 4. 30, 8 என்பவற்றிற்கு 964ஐ 241ஆல் வகுக்க ஈவு 4. ஆசுத்திரேலியாவின் சிறந்த எண்ணியலறிஞர் நால்வரும் தமக்குத் தரப்பட்ட ஆறு மணி நேரத்தில் இதனைத் தீர்த்திலர் என்பர். ஆனால் போட்டியில் பதினொரு மாணவர் முழுவிடை எழுதினர். ஈவை மாற்றாமல், இரு எண்களுள் சிறியதை நிறுத்திப் பெரியதை அதனினும் குறைந்த மற்றோர் எண்ணால் மாற்றலாம் என்பதே வழி. 30, 8 என்பது 8, 2 ஆகும். 8, 2 என்பது 2, 0 ஆகும். ஓரெண் சுழியானதும் ஈவு மற்றதன் வர்க்கமாகவே நிற்கும். முழுவெண்கள் முடிவின்றிக் குறைந்துகொண்டே போக இயலாது என்னும் இவ்விறங்குமுறையைத் தம் தலையாய படைக்கலமாகப் போற்றியவர் ஃபெர்மாவே.

9. முடிவுரை

போட்டிகளைக் குறைகூறுவார் வாதத்தையும் புறக்கணித்தல் கூடாது. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் மாணவரைத் தரவரிசைப்படுத்தும் முறை ஆய்வைக் கெடுத்துப் பயிற்சித் தந்திரத்தை வளர்க்கிறது என ஹார்டி கடுமையாக எதிர்த்தார். 1909ஆம் ஆண்டோடு அவ்வரிசை கைவிடப்பட்டது. விடை உண்டு, அது குறித்த நேரத்திற்குள் எட்டும் என்னும் உறுதியோடு பழகிய உள்ளம், விடை உண்டோ என்றே அறியவொண்ணாத வினாவின் முன் தளர்வதும் உண்டு. 2025ஆம் ஆண்டுப் போட்டி வினாக்களுக்குக் கணிப்பொறி நிரல்களும் பொற்பதக்கத்திற்குரிய மதிப்பெண் பெற்றுவிட்டன. அறிவினாவிற்கு விடையிறுத்தல் மட்டுமே கணிதம் எனின், அப்பெருமை இனி மாந்தர்க்கே உரியதாக நிற்காது.

ஆயினும் நாம் கண்ட வரலாறு வேறொன்றையும் உணர்த்துகிறது. 92இன் கணக்கு சக்கரவாளத்தை ஈன்றது. ஃபெர்மாவின் ஓலை லக்ராஞ்சின் நிறுவலை ஈன்றது. அறுவர் கணக்கு இன்றும் தீராத வினாவை ஈன்று நிற்கிறது. இவற்றுள் எதுவும் விடையை மறைத்து வைத்ததனால் வளரவில்லை; நெறியைப் பிறர் அறிய உரைத்ததனாலும், அந்நெறியின் எல்லை எங்கே என அடுத்தவர் வினவியதனாலுமே வளர்ந்தன. எனவே அறைகூவற் கணக்கின் மதிப்பை அதன் கடுமையால் அளத்தல் பொருந்தாது. அது விடுவிக்கப்பட்ட பின் எஞ்சும் வினாவால் அளத்தலே பொருந்தும். இவ்வளவுகோல் கணிதத்திற்கு மட்டும் உரியதன்று. இலக்கிய இலக்கண ஆய்வில் நம் மாணவர்க்கு நாம் விடுக்கும் தேர்வு வினாக்களும், விடைத்தாளோடு முடிந்துவிடுவனவோ, அதற்கப்பாலும் அவர்களை நடத்திச் செல்வனவோ என்று எண்ணிப் பார்த்தல் நம் கடனாகும்.